டிவியில் தெரியாத 87 நிமிடம்: ஒரு பழைய ஸ்டாப்பரின் பதில்

கேள்வி இது: "ஐரோப்பியக் கால்பந்து லீகுகளை விடாமல் பார்க்கிறேன். வியூகம் பற்றிய கட்டுரைகளும் நிறையப் படிக்கிறேன். தொழில்முறையில் ஆடியவர்களுக்குத் தெரிந்து எங்களைப் போன்ற ரசிகர்களுக்குப் பிடிபடாமல் போவது எது? நம் ஊர் அணிகள் ஏன் பந்து கிடைத்ததும் மேலே தூக்கி அடிக்கின்றன? அவர்களுக்குத் திட்டமே கிடையாதா?"

சென்னை சீனியர் டிவிஷனில் ஒரு நிறுவன அணிக்கு ஸ்டாப்பராக, அதாவது பின்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபெண்டராக ஆடியவன் நான். பிறகு வெளிமாநிலத்தில் ஒப்பந்த வீரனாகவும் ஆடினேன். அதனால் நான் சொல்லப்போவது பின்வரிசையிலிருந்து பார்த்த பார்வை. விங்கில் ஆடியவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

திட்டம் எல்லா அணிக்கும் உண்டு. ஆட்டத்துக்கு முந்தைய நாள் வீடியோ போட்டுக் காட்டாத கோச்சை நான் பார்த்ததில்லை. ஆனால் மைதானத்தில் அந்தத் திட்டம் எவ்வளவு தூரம் உயிரோடு இருக்கும் என்பதை வேறொன்று முடிவு செய்கிறது. தப்பு நடந்தால் அது யார் தலையில் விழும் என்பதுதான் அது. அணியின் கலாச்சாரம் என்று நான் சொல்வது இதைத்தான். டிரஸ்ஸிங் ரூமில் பாட்டுப் போடுவதும், சேர்ந்து பிரியாணி சாப்பிடுவதும் நல்ல விஷயங்கள்தான், ஆனால் அவை வேறு.

ஒரு வீரனின் காலில் பந்து ஓர் ஆட்டத்தில் சராசரியாக மூன்று நிமிடம்தான் இருக்கும், மீதி 87 நிமிடம் அவன் என்ன செய்கிறான் என்பதே அவன் தரம் என்று நெதர்லாந்தின் பெரிய வீரர் யோஹன் கிரைஃப் சொல்வார். டிவி கேமரா பந்தின் பின்னால் போகிறது. அதனால் நீங்கள் பார்ப்பது அந்த மூன்று நிமிடங்களின் தொகுப்பு. எங்கள் வேலையில் பெரும்பகுதி கேமராவுக்கு வெளியே நடக்கிறது. அங்கே தப்பு செய்தவனும் தப்பிப்பான், சரியாகச் செய்தவனுக்கும் பாராட்டு கிடைக்காது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். "ஹை லைன்" என்று எழுதுகிறார்களே, பின்வரிசை நாலு பேரும் ஹாஃப் லைன் பக்கம் ஏறி நிற்பது. படத்தில் அது ஒரு நேர்கோடு. உள்ளே நிற்பவனுக்கு அது முதுகுக்குப் பின்னால் கிடக்கும் நாற்பது மீட்டர் காலி நிலம். எதிரணியில் பந்து வைத்திருப்பவனை யாராவது நெருக்கிக்கொண்டிருந்தால் அவனால் தலையைத் தூக்கிப் பார்த்து நீளமாக அடிக்க முடியாது, அப்போது நாங்கள் ஏறலாம். யாரும் நெருக்கவில்லை என்றால் அவன் நிதானமாகப் பார்த்து எங்கள் தலைக்கு மேல் பந்தைப் போடுவான், அப்போது நாங்கள் இறங்க வேண்டும். ஏறுவதா இறங்குவதா என்பதை நாலு பேரும் ஒரே நொடியில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் முடிவு செய்தாக வேண்டும். ஒருவன் ஒரு மீட்டர் பின்தங்கி நின்றால் போதும், எங்கள் வரிசையைத் தாண்டி நிற்பவன் பந்து வாங்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியிலிருந்து எதிரணி ஃபார்வர்டுகள் எல்லோரும் தப்பிவிடுவார்கள்.

அந்த ஒருவன் ஏன் பின்தங்குகிறான்? பல சமயம் அவனுக்குத் திட்டம் நன்றாகவே தெரியும். போன வாரம் பந்து தலைக்கு மேல் போய், ஓட்டப் பந்தயத்தில் தோற்றது அவன். திங்கட்கிழமை வீடியோவில் அந்தத் துண்டை நாலு முறை ஓட்டிக் காட்டியிருப்பார்கள். அதற்கு எட்டு நொடிக்கு முன், முன்வரிசையில் பந்துக்காரனை நெருக்காமல் இடுப்பில் கை வைத்து நின்ற ஃபார்வர்டு அந்தத் துண்டிலேயே இல்லை. அடுத்த ஆட்டத்தில் அந்த டிஃபெண்டர் யாரிடமும் சொல்லாமல் இரண்டு அடி பின்னால் நிற்பான். அதைப் பார்த்து பக்கத்து ஸ்டாப்பரும் இறங்குவான். நடுக்களத்துக்கும் எங்களுக்கும் இடையில் இருபது மீட்டர் பள்ளம் விழும். வெளியிலிருந்து பார்ப்பவர் "திட்டமே இல்லாத அணி" என்பார். திட்டம் இருந்தது, வீடியோ அறையில் யாரைக் கேள்வி கேட்டார்கள் என்பதில் அது செத்துப்போனது.

இத்தாலியக் கோச் அர்ரிகோ சாக்கியின் ஏ.சி. மிலானை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1989 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை 5-0, இறுதியில் ருமேனியாவின் ஸ்டெவாவை 4-0, மறு ஆண்டும் அதே கோப்பை. சாக்கி தொழில்முறையில் ஆடாதவர், செருப்பு விற்றவர். வியூகம் புரிய ஆடியிருக்க வேண்டும் என்று நான் நினைக்காததற்கு அவரே காரணம். அவர் தன் அணியின் கடைசி ஆளுக்கும் முதல் ஆளுக்கும் இடையில் 25 மீட்டர்தான் இருக்க வேண்டும் என்றார். நட்சத்திரங்கள் சந்தேகப்பட்டபோது கோல்கீப்பர் கல்லியோடு தஸ்ஸோட்டி, மால்தினி, கோஸ்தகுர்தா, பரேசி என்று ஐந்தே பேரை நிறுத்தி, குல்லிட், வான் பாஸ்டன் உள்ளிட்ட பத்துப் பேரை எதிரே ஆடவிட்டார். பந்து பறிபோனால் மறுபடியும் தூரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பத்துப் பேராலும் ஒரு கோல் போட முடியவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் டிஃபென்ஸின் ஒழுங்கைப் பாராட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. தோற்றுக் காட்டியது யார் என்று பாருங்கள். அணியில் அதிகச் சம்பளம் வாங்கும் ஃபார்வர்டுகள். அவர்கள் பயிற்சி மைதானத்திலேயே அதை நேரில் பார்த்துவிட்டதால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்னால் நின்று நெருக்குவது தங்கள் வேலையும்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். வான் பாஸ்டன் ஓடினால் பரேசி தைரியமாக ஏறுவார், அவ்வளவுதான் விஷயம். சாக்கி திட்டத்தை மட்டும் கொடுக்கவில்லை, பழி எப்படிப் பங்கு போடப்படும் என்பதையும் முன்கூட்டியே தீர்த்து வைத்தார்.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

சென்னையில் கால்பந்து ரொம்ப காலம் நிறுவன அணிகளின் கையில் இருந்தது. இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை என்று வேலை கொடுத்து ஆள் சேர்த்தார்கள். 1996இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியபோது இந்தியன் வங்கி அதிலும் போய் ஆடியது. காலையில் பயிற்சி, பிறகு ஆபீஸ், மாலையில் ஆட்டம். வியாசர்பாடியிலிருந்தும் கன்னியாகுமரிக் கடலோர ஊர்களிலிருந்தும் வந்த பையன்களுக்கு அது குடும்பத்தையே தூக்கி நிறுத்திய வேலை. அந்த முறையைப் பழையது என்று இப்போது ஏளனமாகப் பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே பின்வரிசை வருடக்கணக்கில் சேர்ந்து ஆடும். பக்கத்து ஸ்டாப்பர் எப்போது டேக்கிளுக்குப் போவார், எப்போது நிற்பார் என்று அவர் தோள்பட்டை சாய்வதிலேயே தெரிந்துவிடும். ஒரு தப்பு செய்தால் வேலை போகாது என்பதால் பந்தைக் காலில் வைத்து ஆடவும் தயங்க மாட்டார்கள். குறை எங்கே என்றால் வேகத்தில். வேலை உறுதியானபின் உடலைக் கூர்மையாக வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உள்ளூரில் அழகாக ஆடிய அணி, கோவாவுக்கோ கொல்கத்தாவுக்கோ போனால் கடைசி இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கும்.

ஒப்பந்த முறை வந்தபோது உடல் தயாரிப்பு மாறியது. உணவு, தூக்கம், ஓட்டத்தை அளக்கும் ஜி.பி.எஸ். பனியன் எல்லாம் வந்தன, நல்லதுதான். கூடவே ஓர் ஆண்டு ஒப்பந்தமும் வந்தது. சீசன் முடிந்தால் அடுத்த வருடம் எங்கே என்று தெரியாது. நான் இருந்த ஓர் அணியில் சம்பளம் மாதக்கணக்கில் நின்றுபோனது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்டமே மாறியதைப் பார்த்தேன். விங்கர்கள் கிராஸ் போட வேண்டிய இடத்தில் ஷாட் அடித்தார்கள், ஏஜெண்டுக்கு அனுப்பும் வீடியோவில் கோல்தான் எடுபடும் என்பதால். மிட்ஃபீல்டர்கள் கஷ்டமான பாஸைக் கேட்டு வராமல் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள். ஸ்டாப்பர்களான நாங்கள் பந்தைத் தூக்கி அடித்தோம். முப்பது மீட்டருக்கு அப்பால் பந்து பறிபோனால் அது யாருடைய தப்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆறு மீட்டர் பாஸ் பறிபோய் கோல் ஆனால் என் பெயர் பேப்பரில் வரும். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். தூக்கி அடிப்பது அறிவில்லாத செயல் என்று நினைக்காதீர்கள், அந்த நிலையில் இருக்கும் ஒருவனுக்கு அது ரொம்பவும் கணக்குப் போட்ட முடிவு. 2025இல் வணிக உரிமை ஒப்பந்தம் தீராமல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) சீசன் வழக்கமான மாதத்தில் தொடங்காமலே போனது, சில கிளப்கள் சம்பளத்தை நிறுத்தி வைத்தன. அப்படியொரு வருடத்தைக் கடந்து வந்த வீரனிடம் தைரியமாக ஆடு என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதற்கு மாறாக நடந்ததற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அதைப் பற்றிப் போதுமான அளவு யாரும் எழுதவில்லை என்பது என் வருத்தம். கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2018-19இல் தேசிய அளவிலான கிளப் போட்டியான ஐ-லீகை வென்றது. முந்தைய சீசனில் அட்டவணையின் அடிப்பகுதியில் தவித்த அணி. சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கோச். பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாந்த்ரோ ரோட்ரிகஸ் என்று ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள், கூடவே நம்மூர் எட்வின் சிட்னி வான்ஸ்பால், மைக்கேல் ரெஜின் போன்றவர்கள். 20 ஆட்டங்களில் 48 கோல் போட்டார்கள், மான்சி மட்டும் 21. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது இன்னொரு எண்ணை: 28 கோல் வாங்கினார்கள். ஆட்டத்துக்கு ஒன்றுக்கு மேல். பொதுவாகச் சாம்பியன் அணிகள் இவ்வளவு கோல் வாங்குவதில்லை.

அதற்குக் காரணம் அவர்கள் கோல் கிக்கிலிருந்தே தரையில் பாஸ் போட்டு வெளியே வந்தது. இப்போது அது எளிது. 2019 நடுவில் விதி மாறியபின் கோல்கீப்பர் தட்டிய பந்தைப் பெனால்டி பெட்டிக்குள்ளேயே நின்று வாங்கலாம். அந்த சீசனில் பழைய விதிதான். பந்து பெட்டியைத் தாண்டிய பிறகே தொட வேண்டும். ஸ்டாப்பர்கள் இரண்டு பேரும் பெட்டிக்கு வெளியே இரு ஓரமாக விரிந்து நிற்பார்கள், எதிரணி ஃபார்வர்டு பாய்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டே பந்துக்குக் காத்திருக்க வேண்டும். முதல் டச்சிலேயே உடலைத் திருப்பித் தூரத்துக் காலில் பந்தை வாங்கினால் தப்பிக்கலாம், பக்கத்துக் காலில் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். அதில் சில முறை மாட்டினார்கள், கோலும் வாங்கினார்கள். மறுவாரமும் அதையே ஆடினார்கள். தப்புக்கான விலையைத் தானே ஏற்றுக்கொள்ளும் கோச் இருந்தால்தான் ஒரு டிஃபெண்டர் மறுவாரமும் அந்தப் பந்தைக் கேட்டு வாங்குவான்.

கடைசி நாள், 2019 மார்ச் 9, கோவை நேரு மைதானம், எதிரே மினர்வா பஞ்சாப். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் 0-1. கோழிக்கோட்டில் அதே நேரத்தில் கோகுலத்தோடு ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி சறுக்கினால் கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்கு. இப்படி ஒரு நிலையில் பெரும்பாலான இந்திய அணிகள் ஓர் உயரமான டிஃபெண்டரை முன்னால் அனுப்பி, பந்தை மேலே போட ஆரம்பிக்கும். சென்னை சிட்டி பாஸ் போடுவதை நிறுத்தவில்லை. மான்சி பெனால்டியில் சமன் செய்தார், பிறகு கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. அந்தப் பக்கம் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கி இருந்து 2-1 என்று ஜெயித்துவிட்டது, ஆகவே டிரா போதாமல் போயிருக்கும். முடிவில் 43 புள்ளி, 42 புள்ளி. அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தை நான் அந்த நாளோடு மட்டும் முடிச்சுப் போட மாட்டேன். சீசன் முழுக்க பின்வரிசைக்குக் கொடுத்த அனுமதியின் பலன் அது. அந்தக் கிளப் இன்று அந்த லீகிலேயே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

இதிலிருந்து, தரையில் பாஸ் போட்டு ஆடுவதுதான் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2016-17இல், அதே ஐ-லீகை மிசோரத்தின் ஐஸால் வென்றது. கோச் காலித் ஜமீல், பின்னாளில் இந்திய அணிக்குப் பொறுப்பேற்றவர், முன்னாள் வீரர். நெருக்கமாகத் தடுத்து, பந்து கிடைத்ததும் நேராக முன்னேறும் ஆட்டம் அவருடையது. பந்தைத் தூக்கிப் போடுவதற்கும் ஒழுங்கு உண்டு. எங்கே விழ வேண்டும், ஹெட்டருக்கு யார் ஏறுவான், சிதறும் செகண்ட் பாலுக்கு எந்த மூன்று பேர் எங்கே நிற்பார்கள் என்று எல்லாரும் ஒத்துப்போய் ஆடினால் அது முழுமையான வியூகம். பயத்தில் அடித்த பந்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். பந்து காற்றில் இருக்கும்போது மற்றவர்கள் ஓடத் தொடங்கிவிட்டார்களா, அல்லது நின்று பார்க்கிறார்களா என்று கவனியுங்கள்.

ரசிகர்கள் அதிகம் பேசாத இன்னொரு காரணத்தையும் சொல்லியாக வேண்டும். 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18இல் ஐந்து ஆனது, 2021-22இலிருந்து நாலு. எந்தக் கோச்சாக இருந்தாலும் அந்த இடங்களை எங்கே செலவு செய்வார்? ஸ்டாப்பர், நடு மிட்ஃபீல்டு, சென்டர் ஃபார்வர்டு. அணியின் முதுகெலும்பு முழுக்க அவர்கள். நம் பையன்களுக்கு ஓரங்களும் கோல்கீப்பர் இடமும் மிஞ்சின. பத்து வருடம் இப்படிப் போனால் ஓரத்தில் வேகமாக ஓடுகிறவர்கள் நிறைய வருவார்கள். ஆட்டத்தின் வேகத்தை நடுவில் நின்று தீர்மானிப்பவனும், கோலுக்கு முதுகைக் காட்டிப் பந்தைப் பிடித்து வைப்பவனும் அரிதாவார்கள். 94 கோலோடு 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை மறு வருடமே திரும்ப அழைக்க வேண்டி வந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. நடுவில் பந்தை வாங்கித் திரும்பத் தெரிந்த ஆள் இல்லையென்றால் ஸ்டாப்பர் யாருக்குப் பாஸ் போடுவான்? அதுவும் மேலேதான் போகும். உங்கள் கேள்விக்கு மீதிப் பாதிப் பதில் இது.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் உண்டு, கொஞ்சம் சங்கடமானது. தமிழ்நாட்டு அணிகளில் மூத்தவர்களை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவோம். வெளியே அது அன்பு, பாதுகாப்பு. ஊரிலிருந்து புதிதாக வந்த பையனுக்குத் தங்க இடமும் முதல் ஜோடி ஸ்டட்ஸும் பல சமயம் ஓர் அண்ணன்தான் பார்த்துக் கொடுப்பார். களத்துக்குள் அதுவே இடைஞ்சலாகும். பத்தொன்பது வயது லெஃப்ட் பேக், முப்பது வயது ஸ்டாப்பரைப் பார்த்து "ஏறு!" என்று கத்தத் தயங்குவான். "ஏறுங்கண்ணே" என்று சொல்லி முடிப்பதற்குள் எதிராளி போய்விடுவான். எனக்கு வாய்த்த ஒரு கோச் இதற்கு ஒரு விதி வைத்தார்: கோட்டுக்குள் வந்தால் எல்லோருக்கும் பெயர் மட்டும், சொல்வது ஒரே சொல். "மேன் ஆன்" (ஆள் நெருங்குகிறான்), "டைம்" (நேரம் இருக்கிறது), "லீவ்" (விட்டுவிடு), "ஏறு". முதல் வாரம் பையன்கள் கூச்சத்தில் நெளிந்தார்கள். மூத்தவர்களில் ஒருவர் தானே முன்வந்து, "என்னைத் திட்டுடா, ஆனா சீக்கிரம் திட்டு" என்றார். அந்த சீசனில் எங்கள் பின்வரிசை பாதி தூரம் முன்னால் ஏறி ஆடியது. புதிதாக எந்த வியூகமும் வரவில்லை.

காயத்தைப் பற்றியும் சுருக்கமாக. முழங்கால் வலியை மறைத்து, மாத்திரை போட்டு, டேப் சுற்றிக்கொண்டு ஆடுவது எல்லா ஊரிலும் உண்டு. இடம் போனால் திரும்பக் கிடைக்காது என்பதே காரணம். 2020இல் வந்து பிறகு நிரந்தரமான ஐந்து மாற்று வீரர் விதி இதில் கொஞ்சம் உதவியது. அறுபதாவது நிமிடத்தில் வெளியே வருவது இப்போது அவமானமாகத் தெரிவதில்லை. நெருக்கி ஆடும் வியூகங்கள் இன்று இவ்வளவு பரவியிருப்பதற்கும் அது ஒரு காரணம், முன்வரிசையில் பாதிப் பேரைப் புதுக் கால்களாக மாற்றிவிடலாம் அல்லவா.

இனி நீங்கள் செய்து பார்க்கக்கூடிய ஒன்று. அடுத்த முறை சென்னை நேரு ஸ்டேடியத்துக்கோ கோவைக்கோ போனால், பந்தை விட்டுவிட்டு ஒரு ஸ்டாப்பரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். மேல் கேலரியில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும். அவன் எத்தனை முறை பின்னால் திரும்பித் தோளுக்கு மேல் பார்க்கிறான், பக்கத்து ஆளிடம் எப்போது பேசுகிறான், ஃபார்வர்டு ஓடும்போது இவன் ஏறுகிறானா என்று பாருங்கள். அப்புறம் ஒரு தப்பு நடந்ததும் பந்தைப் பறிகொடுத்தவனைப் பார்க்காமல், மற்ற பத்துப் பேரையும் பெஞ்சையும் பாருங்கள். கைகளை விரித்துக் காட்டுகிறார்களா, அல்லது தங்கள் இடத்துக்கு ஓடுகிறார்களா? அதே வீரனுக்கு அடுத்த இரண்டு நிமிடத்தில் யாராவது மறுபடியும் பந்து கொடுக்கிறார்களா, அவன் அதைக் கேட்டு வாங்குகிறானா? அந்த அணி எந்த வியூகத்தில் ஆட முடியும், எதில் முடியாது என்று அதிலிருந்தே ஓரளவு சொல்லிவிடலாம்.